பூஜாவின் தோள் அளவு

உத்திரமேரூர்
6 அக்டோபர் 2024

பூஜாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் கார்டு வந்தது. முகாமின் முகவரியும் "நலம்" என்ற ஒரு சொல்லும்தான் அதில் இருந்தன. இருந்தாலும் ஓரத்தில் எங்காவது பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகவரி கிடைத்தால் எழுதுகிறவள் எழுதிக்கொள்வாள் என்று நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறாய். நீ நினைத்தது சரி.

உங்கண்ணனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "எனுக்கு இன்னாத்துக்கு? யாருக்கு வந்துச்சோ அவங்க படிச்சிக்கட்டும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் நான் கடையிலிருந்து திருப்புலிவனத்து வீட்டுக்குத் திரும்பியபோது, டிவி மேல் வைத்துவிட்டுப் போன கார்டு ஜன்னலில் இருந்தது. நம் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எடுத்து வைப்பதற்கு?

தென்னேரி மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறிக்க வர இருந்த அன்று நீ படையில் சேர ரயில் ஏறிவிட்டாய். நைனா போனபின் அப்பா இடத்தில் நின்று உன்னை வளர்த்தவர் உங்கண்ணன். வந்தவர்கள் முன்னால் நின்று பதில் சொன்னவரும் அவர். அதற்குப்பின் போனில் அவர் கத்தியதையும், நீ கத்தியதையும், எங்கள் இரண்டு பேர் நம்பரையும் நீ தடுத்து வைத்ததையும் நான் மறுபடி கிளறப் போவதில்லை. இப்போது நீ இருக்கிற மலையில் டவரே இல்லை என்று உன்னோடு படித்த அனுஷா சொன்னாள். அதுவும் ஒருவகையில் நல்லது. தாளில் கத்த முடியாது.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. ஸ்வெட்டர். குரோஷா ஊசியில் நானே பின்னினேன். கடையில் தையலுக்கு நடுவே நான் பின்னும் குழந்தைக் குல்லாக்களை நீ பார்த்திருக்கிறாய். அது சாதாரண உல்லன். இது மெரினோ. ஆட்டு ரோமம்தான், ஆனால் கழுத்தில் பட்டால் அரிக்காது. இழை மெல்லிசு, சூடு அதிகம். ஆன்லைனில் வரவழைத்தேன். வந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்து, காலிப் பெட்டியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று கொஞ்ச நேரம் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவ்வளவு லேசு. அரக்கு நிறம். யூனிஃபார்முக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

அளவுக்கு, பெண் பார்க்க வந்தபோது உனக்குத் தைத்த ஜாக்கெட்டை வைத்துக்கொண்டேன். என் கை தைத்தது, பொய் சொல்லாது.

போட்டுப் பார்த்து எழுது.

சுலோச்சனா


மேல் முகாம்
30 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

நூல் மிக நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஆனால் தலை நுழைந்ததும் ஸ்வெட்டர் தோளில் நின்றுவிட்டது. கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. என் அறைத்தோழி, இமாசலத்துப் பெண், ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். நான் ஒரு பக்கம் இழுத்தேன். இரண்டு கையும் பாதியில் மாட்டிக்கொண்டு, வயலில் நட்டு வைத்த சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். கழற்றிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஜாக்கெட் பொய் சொல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி, அதைப்போலப் பொய் சொன்ன துணி உலகத்தில் இல்லை. தோள் தையலை உள்பக்கம் தள்ளி, கையில் கொசுவம் வைத்து, என்னைப் பாதி ஆளாக்கித் தைத்தீர்கள். "கொஞ்சம் ஒடுங்கி உக்காரு பூஜா, கைய முன்னால கோத்துக்கோ" என்று காதில் சொன்னீர்கள். நானும் ஒடுங்கி உட்கார்ந்தேன். அப்படியும் மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "பொண்ணுக்குத் தோளு இன்னா இம்மாம் பெருசா கீது? மூட்ட தூக்குற ஆளு மாதிரி?"

அண்ணன் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "கல்யாணம் ஆனா எளைச்சிடுவாம்மா" என்றார். குண்டு எறிதலில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தபோது இதே தோளைத் தட்டிக்கொடுத்து, ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்தவர் அவர்.

இங்கே என்னைத் தேர்ந்தெடுத்ததே இந்தத் தோளைப் பார்த்துத்தான். இங்கே யாரும் என்னை ஒடுங்கி உட்காரச் சொல்வதில்லை. நிமிரவில்லை என்றால்தான் திட்டு.

நீங்கள் பின்னியிருப்பது நீங்கள் எல்லோரும் ஆசைப்பட்ட பெண்ணுக்கு. அவள் இந்த முகாமில் இல்லை. அந்த வீட்டிலும் ஒருநாளும் இருந்ததில்லை.

பூஜா


உத்திரமேரூர்
17 நவம்பர் 2024

பூஜா,

ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. கடிதமும்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தையல்காரி. ஒரு தோள் இறங்கியவளுக்கு அது தெரியாமல் தைப்பேன். வயிறு இருக்கிறவளுக்கு வயிறு தெரியாமல் தைப்பேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் வருகிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த வேலையும் அதுதான். அதை நன்றாகவே செய்தேன், அதற்காக நான் தலை குனியப் போவதில்லை.

ஆனால் இந்தப் பஜாரில் கடை போட்ட நாளிலிருந்து, என் கையை விட்டுப் போன ஒரு துணியும் "பத்தல" என்று திரும்பி வந்தது கிடையாது. இதுதான் முதல். அது எனக்குப் பொறுக்கவில்லை.

பிரித்துவிட்டேன். குரோஷாவில் அது ஒரு வசதி. கடைசிக் கண்ணின் நூல் வளையத்திலிருந்து ஊசியை எடுத்துவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று எல்லாம் வந்துவிடும். உன் கோபத்தோடு இழுத்தேன், என் கோபத்தோடும் இழுத்தேன். நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு நின்றது. முழங்கையில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, நனைத்து, அடியில் பெரிய கத்தரிக்கோலைத் தொங்கவிட்டுக் கொடியில் மாட்டினேன். காயக் காய நேராகிவிட்டது.

உங்கண்ணன் பார்த்துவிட்டார். "இன்னாத்துக்கு நல்லா கீறத போட்டு அவுத்துக்கினு கீற?" என்றார்.

"பத்தல."

"யாருக்கு?"

"உங்க தங்கச்சிக்கு."

தொங்கிய நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க பத்தல?" என்றார்.

"தோளுல" என்றேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்துவிட்டு வந்து படுத்திருந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். இனி மறைக்கிற வேலை இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்கு வேண்டும். நீயே அளக்காதே, கை வளைந்து அளவு மாறும். அந்த இமாசலத்துப் பெண்ணிடம் டேப்பைக் கொடு. மூச்சைப் பிடித்து வைக்காதே. கழுத்து, மார்பு, இடுப்பு எல்லாம் வழக்கம்போல. முதுகில் ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனைவரை மூன்று விதமாக எடுக்க வேண்டும்: கை தொங்கும்போது, முன்னால் நீட்டும்போது, தலைக்குமேல் தூக்கும்போது. மேல்கையைத் தொங்கவிட்டு ஒரு அளவு, மடக்கி இறுக்கி ஒரு அளவு. எண்ணைக் குறைத்து எழுதினால் நூல் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அனுப்ப விருப்பம் இல்லையென்றால் அதையும் எழுது. நூலை எடுத்து வைத்துவிடுகிறேன். வேறு யாருக்கும் அதைத் தொடமாட்டேன்.

சுலோச்சனா


மேல் முகாம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாட்டுக் கதையைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. அறைத்தோழி அளந்தாள். ஒவ்வொரு எண்ணையும் சந்தையில் ஏலம் விடுகிறவள் மாதிரி உரக்கச் சொன்னாள், பக்கத்து அறையிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். மேல்கையை மடக்கி அளந்தபோது கைதட்டினார்கள். எனக்கு இது புதிது. "இந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள்" என்று கீழே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

எதற்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தால் பின்னுவதற்கு உதவும் என்று எழுதுகிறேன். இங்கே கொடுக்கிற ஸ்வெட்டர் கனமானது, ஆண்களுக்கான வெட்டு. தோள் சரியாக இருந்தால் இடுப்பில் தொளதொளவென்று சுருண்டுகொள்ளும். அதன்மேல் கோட் போட்டால் கையைத் தூக்க முடியாது. ஏறும்போது வியர்க்கும், நின்றால் அந்த வியர்வையே குளிர்ந்து முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். மெல்லிய, உடம்போடு ஒட்டின ஒன்று உள்ளே இருந்தால் நன்றாக இருக்கும்.

என் வேலையில் பாதி நடப்பது. மீதி தூக்குவது. பனிச் சரிவில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர்களை முதுகில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கு வாரந்தோறும் பயிற்சி. ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதில் எங்கள் பிரிவில் எனக்குப் போட்டி இல்லை, அண்ணி. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை வீட்டில் வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணன் ஆரோக்கியமா?

பூஜா


உத்திரமேரூர்
26 ஜனவரி 2025

அன்புள்ள பூஜா,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. முழுவதும் படி.

உன் எண்களைப் பார்த்துவிட்டு, நான் பார்த்துப் பின்னுகிற டிசைன் தாளை எடுத்தேன். அதில் சின்னது, நடு, பெரியது, அதைவிடப் பெரியது என்று வரிசையாக அளவு கொடுத்திருக்கிறார்கள். உன் இடுப்பு சின்னதில் நிற்கிறது. மார்பு நடுவில். தோளும் மேல்கையும் பெரியதைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விட்டன. மொத்தமாகப் பெரியதாகவே போட்டுவிடலாம் என்றால் கழுத்து அகன்று வழியும், இடுப்பில் காற்று போய்வரும். ஆகவே இந்த டிசைனை எழுதிய அம்மாளைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, உலர்த்தி அளந்தேன். போன தடவை இதைச் செய்யவில்லை. மெரினோ தண்ணீர் பட்டால் இளகி நீளும் என்பது இப்போதுதான் தெரிந்தது. குரோஷாப் பின்னல் இயல்பிலேயே தடிப்பு. அதனால் நூல் கேட்கிற ஊசியைவிடப் பெரிய ஊசியை எடுத்துக் கையைத் தளரவிட்டுப் பின்னினேன். இப்போது துணி கையில் பிடித்தால் துவண்டு விழுகிறது, கசக்கினால் எழுந்திருக்கிறது.

இது கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் பின்னல். முன்பக்கம், முதுகு, இரண்டு கை என நாலு பாகம். அவை சேருகிற நாலு மூலையிலும் கண் கூட்டிக்கொண்டே வந்தால் வட்டம் விரிந்து தோளாகும். டிசைன்படி நாலும் ஒரே வேகத்தில் வளர வேண்டும். உன் உடம்பு அப்படி வளரவில்லை. கழுத்தைச் சின்ன அளவில் தொடங்கினேன். கைப் பாகத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் கண் கூட்டினேன். முன்பக்கத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்று. முதுகை முன்பக்கத்தைவிட அகலமாக விட்டேன். அக்குளுக்குக் கீழே வரவர இருபுறமும் கண்ணைக் குறைத்து இடுப்பைப் பிடிப்பதாகத் திட்டம்.

அக்குள்வரை வந்ததும் போட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கடையில் இருக்கிற துணிப் பொம்மைக்கு உன் தோளில் பாதிகூட இல்லை. வருகிற பெண்களில் ஒருத்திக்கும் பொருந்தவில்லை. யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உங்கண்ணன் சட்டையில்லாமல் களத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். டேப்பை எடுத்துவந்து கேட்காமலே முதுகில் வைத்தேன். உன் தாளில் இருக்கிற எண்ணுக்கும் அதற்கும் விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை.

"இன்னாமே பண்ற?"

"அசையாம நில்லுங்க. இத போடுங்க."

"பொம்பளைங்க போட்றத நான் போட்றதா? ஆளு பாத்தா இன்னா நெனைப்பான்?"

"கதவ சாத்திட்டேன். கைய தூக்குங்க."

போட்டார். தை மாதத்து வெயிலில் கம்பளி. வியர்த்துக் கொட்டியது. கழுத்து அவருக்கு இறுக்கிப் பிடித்தது. அது உன் கழுத்து, அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு அப்படி ஒரு கர்வம். கையை முன்னால் நீட்டச் சொன்னேன், நீட்டினார். மேலே தூக்கச் சொன்னேன், தூக்கினார். எல்லாம் சரி.

அப்போது அவராகவே கேட்டார். "அவ அங்க இன்னா வேல செய்யறா?"

"ஆள தூக்குறா."

"ஆளயா?"

"பனில வுயுந்தவங்கள முதுகுல கட்டிக்கினு மலைலேந்து எறங்குறாளாம். ஆம்பளைங்ககூட அவகிட்ட தோத்துப் போறாங்களாம்."

கூடத்தில் அறுவடை நெல் அடுக்கியிருந்தது. நேராகப் போய்க் குனிந்து, ஒரு மூட்டையைப் பிடித்து முதுகுக்கு ஏற்றினார். "ஐயோ, நூலு!" என்று நான் கத்தியது காதில் விழவில்லை. ஏற்றிக்கொண்டு நின்றவர், "சுலோ, இங்க புடிக்குது பாரு" என்றார். "ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல. நின்னா தெர்ல. சொமக்கும்போதுதான் புடிக்குது."

தையலில் எனக்கு யாரும் குறை சொன்னதில்லை, அதிலும் இவர். ஆனால் கையை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். நான் நிற்கிற பெண்ணுக்குப் பின்னியிருந்தேன், நீ சுமக்கிறவள். பாதிவரை பிரித்தேன். முதுகின் மேல்பகுதியில் மட்டும், முன்பக்கம் போகாமல், பாதிச் சுற்றுகள் சேர்த்தேன். குனியும்போது பின்கழுத்து இழுக்காது. அக்குளில் சங்கிலிக் கண்கள் கூடப் போட்டு, கை விரிய ஒரு சின்னத் துண்டு வைத்தேன். மறுபடி போடச் சொன்னேன். இந்தத் தடவை கதவைச் சாத்தச் சொல்லவே இல்லை அவர். மூட்டையை ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார்.

"போதும், கழட்டுங்க."

"இரு, இன்னொரு தபா பாக்குறேன்" என்றார். பிறகு, "நைனாவுக்கும் இதே தோளுதான். களத்துல அவரு தூக்குனா மத்தவங்க நின்னு பாப்பாங்க. அவளுக்குத்தான் அது அப்டியே வந்துகீது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நெல் மூட்டையைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்வெட்டர் இத்துடன் வருகிறது. இந்தத் தடவை திரும்பி வராது. அது எனக்குத் தெரியும்.

அண்ணன் ஆரோக்கியம்.

சுலோச்சனா


மேல் முகாம்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணி,

பாதை மூடிக் கிடந்ததால் உங்கள் பார்சல் மாசியில்தான் மேலே வந்தது. பிரித்து, கதவைச் சாத்தாமலே போட்டேன். கையைத் தூக்கினேன். குனிந்தேன். அறைத்தோழியைக் கேட்காமலே முதுகில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன், அவள் அலறினாள். எங்கேயும் பிடிக்கவில்லை. இடுப்பில் ஒரு மடிப்பு இல்லை. அண்ணி, என் உடம்பு இருக்கிறபடியே செய்த துணி ஒன்றை நான் இதுவரை போட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடையில் வாங்கியது எல்லாம் நான் அதற்குள் அடங்குகிற துணி.

அன்றிலிருந்து துவைக்கிற நாள் தவிர அதைக் கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டு செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் சாலை போடுகிறவர்களின் கூடாரத்துக்கு மேலே பனி சரிந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. போய்ப் பார்த்தபோது எல்லோரும் வெளியே வந்துவிட்டிருந்தார்கள், ஒரு பெண்ணைத் தவிர. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவள். தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது, கால் ஒடிந்திருந்தது. வண்டி நிற்கிற இடம் வெகு தூரம் கீழே. பாதை ஒற்றையடிதான், வளைவுகளில் தூக்குக் கட்டிலைத் திருப்ப இடம் இல்லை. அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். யார் சுமப்பது என்று அவர் கேட்கவில்லை. நானே முன்னால் வந்து குனிந்தேன்.

முதுகில் வைத்துக் கட்டினார்கள். முதல் வளைவுவரை அவள் அழுதுகொண்டே வந்தாள். பிறகு அழுகை நின்றுவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பேசவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் உத்தரவு இந்தி. நில், நட, திரும்பு. அதனால் தமிழிலேயே பேசினேன். "தூங்காத, தூங்காத, இதோ வந்துட்டோம்" என்று. நம் ஏரி நிரம்பினால் எப்படி இருக்கும் என்று சொன்னேன், அண்ணன் மூட்டை தூக்கினதைச் சொன்னேன். ஒன்றும் புரியாமல் அவள் "ம்" போட்டுக்கொண்டு வந்தாள். காலுக்குக் கீழே பனி உடைந்து உடைந்து போனது. வியர்வை ஓடியது. ஆனால் முதுகு குளிரவில்லை, தோள் பிடிக்கவில்லை. ஓரிடத்தில்கூட நான் உட்காரவில்லை.

அவள் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் தோளைக் காட்டிப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் தொட்டுப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன்.

ஜூன் மாதம் கீழ் முகாமில் எனக்குப் பாராட்டும் பதக்கமும் கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்றார்கள். நான் யார் பெயரையும் எழுதிக் கொடுக்கவில்லை.

பூஜா


உத்திரமேரூர்
13 ஏப்ரல் 2025

பூஜாக் கண்ணு,

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். ஒரு முகூர்த்த ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தவள் இரண்டு ஹூக்கை ஒரே பக்கத்தில் வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் அப்படி வைத்ததில்லை.

வீட்டில் உங்கண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்காத மாதிரி மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். நீ குனிந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. முடித்ததும், "அந்த எறங்குற எடத்த இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். "ஓரிடத்தில்கூட நான் உட்காரவில்லை" என்பதைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் நெல் மண்டியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே தூற்றுகிற வேலை செய்யும் ஆண்டாளம்மாள் வந்து சொன்னாள். மண்டிக்காரர் புருஷோத்தமன் இவரிடம், "இன்னா வெங்கடேசா, உன் தங்கச்சி இன்னும் அந்த வேலையிலதான் கீதா? வயசு போவுதே, யாரு கட்டுவாங்க?" என்றாராம். எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறவர், இந்தத் தடவை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாராம்.

"என் தங்கச்சி ஒரு பொம்பளைய முதுகுல சொமந்துக்கினு பனிமலைலேந்து எறங்கி உசுர காப்பாத்திகீறா. வர்ற வயில எங்கயும் ஒக்காரல. இங்க கீற ஆம்பளைங்கள்ல யாருனா ஒருத்தன் செய்விங்களா? மூட்டைய தூக்கவே ரெண்டு பேரு புடிக்கிறீங்க."

ஆண்டாளம்மாள்தான் முதலில் சிரித்தாளாம்.

அவள் என்னிடம் வந்தது இதைச் சொல்ல மட்டும் இல்லை. "எனுக்கு ஒரு ஜாக்கெட் தெய்யி. மொறத்த தூக்கித் தூத்துனா அக்குள்ல கியியாம இருக்கணும். உன் நாத்தனாருக்குப் பின்னிக் குடுத்தியாமே, அந்த மாதிரி" என்றாள். அவளை நிற்கவைத்து அளக்கவில்லை. முறத்தைக் கையில் கொடுத்துத் தூற்றச் சொல்லி அளந்தேன். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், நாற்று நடுகிறவர்கள். என் கடையில் இப்போது பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் கையை வீசியும் நிற்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் உடற்பயிற்சிப் பள்ளி என்று நினைக்கக் கூடும். நினைக்கட்டும்.

வைகாசி, ஆனி முகூர்த்தத் துணி மலையாகக் கிடக்கிறது. நான் வர முடியாது. எழுதிக் கொடு: வெங்கடேசன், அண்ணன். அவரிடம் நான் கேட்கவில்லை. அவரே பெட்டியை எடுத்துத் தட்டித் துடைத்து வெயிலில் வைத்தார். "அங்க குளுருமா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தி தெரியாது, மலை தெரியாது, யாரிடமும் வழி கேட்கவும் மாட்டார். பார்த்துக்கொள்.

உன் அண்ணி


கீழ் முகாம்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணி,

அண்ணன் இன்று காலை பஸ் ஏறிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்பே வீட்டில் இருப்பார். விழாவைப் பற்றி அவரே சொல்லுவார்: பேண்டு வாத்தியம், பதக்கம், அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது, என்ன சொல்கிறார் என்று புரியாமல் இவர் வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நான் நினைக்கிற ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

வந்து இறங்கிய அன்று, பஸ் நிற்கிற இடத்தில் நான் காத்துக்கொண்டிருந்தேன். இறங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனையோ பேச வேண்டும் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர், "சாப்டியா?" என்றார். "சாப்டேன்ணா" என்றேன். அவ்வளவுதான்.

பையைக் கேட்டேன், கொடுக்கவில்லை. "நீ வுடு, நான் எட்த்தாரேன்." இங்கே மெதுவாக நடக்க வேண்டும், வந்த உடனே மூச்சுப் பிடிக்கும் என்று சொன்னேன். கேட்டால்தானே. கீழ் முகாம் என்பது பேருக்குத்தான் கீழே, அதுவும் மலைமேல்தான். வயல் வரப்பில் போகிற வேகத்தில் எனக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்றார். பையை வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, தல கிர்ருனு வருது" என்றார்.

மருத்துவ அறை மேட்டுக்கு அந்தப் பக்கம். நான் அவர் முன்னால் குனிந்தேன்.

"இன்னா பண்ற?"

"ஏறுணா."

"சீச்சீ, நான் நடக்குறேன்."

எழுந்து பார்த்தார், மறுபடி பைமேலேயே சரிந்தார். இரண்டு கையையும் பிடித்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, அப்படியே எழுந்துவிட்டேன். பையை ஒரு கையில் எடுத்துக்கொண்டேன். நல்ல கனம், அண்ணி. நீங்கள் நன்றாகத்தான் சமைத்துப் போடுகிறீர்கள்.

"எறக்கி வுடு பூஜா. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்ணா."

அவர் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. வளைவு திரும்பினால் சாலை போடுகிற பெண்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். ஒருத்தி எதையோ கேட்டாள். இவரை யார் என்று கேட்டிருப்பாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், என் தோளுக்கு மேலிருந்து அண்ணன் சொல்லத் தொடங்கினார். அவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, அது அவருக்கும் தெரியும். மூச்சு வாங்க வாங்க, மண்டியில் பேசுகிற குரலில், ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார்:

"என் தங்கச்சிம்மா. எங்க நைனா பொண்ணு. என் தங்கச்சி."

மருத்துவ அறை வாசலில் நான் இறக்கிவிடும்வரை வழியில் பார்த்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூஜா